நல்லகாமன் குடித்ததில்லை

நல்லகாமன் சாகும்போது எனக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். மகள் சரண்யாதேவியை நர்சிங் படிப்பில் சேர்க்க இருபத்தாறாயிரம் முன்பணமாக வாங்கினான். வாரச் சம்பளத்தில் ஐந்நூறு ஐந்நூறாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னான். எட்டு வாரம் பிடித்தேன். ஒன்பதாவது வாரத்திலிருந்து அவனால் ஒழுங்காக வேலைக்கு வர முடியவில்லை.

அவனைப் பற்றிச் சொல்லுமுன் என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பெயர் ஜெயபாண்டி, வயது எழுபத்தொன்று, படிப்பு ஐந்தாம் வகுப்பு. பதின்மூன்று வயதில் மதுரைத் தெருக்களில் சைக்கிளில் பழைய இரும்பு எடுத்தவன். இன்று கப்பலூரில் சொந்த இடத்தில் ஈயப் பட்டறை. செத்துப்போன பேட்டரிகளை வாங்கி, உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தகட்டை உருக்கிப் பாளமாக வார்த்துக் கொடுப்பது தொழில். பாளத்தைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவேன், கால் கிலோ பிசகாது. பட்டம் வாங்கியவர்கள் என் பட்டறையில் வந்து நின்று தொழில் கற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். எவன் தயவிலும் நான் மேலே வரவில்லை.

நல்லகாமன் வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரன். முப்பத்தொரு வயதில் என்னிடம் வந்தான். விடியற்காலை கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவான். எட்டு மணிக்கு உலை பற்றவேண்டுமென்றால் ஏழரைக்கே நிற்பான். உருகிய ஈயத்தின் மேல் மிதக்கும் கசடை வழித்தெடுப்பது அவன் வேலை. பட்டறையிலேயே மோசமான வேலை அதுதான். புகையும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு, பாலாடை எடுப்பதுபோல அவ்வளவு பக்குவமாக எடுப்பான். கசடோடு நல்ல ஈயம் ஒரு சொட்டுப் போகாது.

முன்பல் ஒன்று பாதி உடைந்தவன். அதனால் கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். என்னைக் கிண்டல் செய்யும் துணிச்சல் பட்டறையில் அவன் ஒருவனுக்குத்தான் இருந்தது.

“அண்ணே, டயர் இல்லாத சைக்கிள மூணு வருசம் ஓட்டுனேங்கிறீக. போன மாசம் சொல்லும்போது ரெண்டு வருசந்தான். வருசம் கூடிக்கிட்டே போகுதே, இப்பயும் அதே சைக்கிள்ளதான் வாரீகளோ?”

மற்றவர்கள் திரும்பி நின்று சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். காலை பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம், இரண்டு வாழைப்பழம். வயிற்றுக்குள் போன ஈயத்தூசியை வெல்லம் இறக்கிவிடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புவது. மற்ற பட்டறைகளில் கறுப்பு வெல்லத்தைக் கடமைக்குக் கொடுப்பார்கள். நான் அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு ஆலையாடும் இடத்திற்கே போய் நல்ல வெல்லமாக எடுத்துவந்து, என் கையால் கொடுப்பேன். உலை சூடேறிவிட்டால் ஆள் நகரக் கூடாது, விறகு வீணாகும். அதனால் நின்ற இடத்திலேயே வாங்கித் தின்றுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். பட்டறைக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும். அதை உலைக்கும் வார்ப்புக்கும் மட்டும் வைத்திருந்தேன். இப்படிக் காசு பார்த்து நடத்தியதால்தான் பட்டறை நின்றது என்று பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது வருடம் நல்லகாமனுக்கு வயிற்றுவலி வந்தது. திடீரென்று இரண்டாக மடங்கி உட்கார்ந்துவிடுவான். முகம் வெளுத்துப்போனது. கிண்டல் நின்றது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பாய்ந்து சண்டைக்குப் போனான். ஒருநாள் வலியில் வாயைப் பொத்த மறந்தபோது பார்த்தேன், பல்லும் ஈறும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு.

“வெத்தலயக் கொறைடா” என்றேன். 

“வெத்தலையே போடுறதில்லண்ணே.”

அப்படியானால் அது என்ன கோடு என்று நான் கேட்கவில்லை.

பிறகு வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்க ஆரம்பித்தது. தூக்கச் சொன்னால் தூக்க முடியாது. ஒரு காலையில் கசடு வழிக்கும் கரண்டி கையிலிருந்து நழுவி, உருகிய ஈயம் தரையெல்லாம் சிதறியது. நல்லவேளை, ஆள் மேல் படவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டு வந்துட்டியாடா?”

“அண்ணே, குலசாமி சத்தியமா நான் தொட்டதே இல்ல.”

“கை நடுங்குது, வயிறு வலிக்குது, கோவம் பொத்துக்கிட்டு வருது. குடிகாரன எனக்குத் தெரியாதா? குடிச்சே செத்தவன் மகன்டா நான்!”

அது உண்மை. என் தகப்பனார் அப்படித்தான் போனார். கடைசிக் காலத்தில் அவருக்கும் கை நிற்காது. அதனால் பார்த்த மாத்திரத்தில் குடிகாரனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்ற திமிர் எனக்கு இருந்தது. நல்லகாமனை அன்றே நிறுத்தினேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் மனைவி முனியாயி பட்டறை வாசலில் வந்து நின்றாள். உள்ளூர் டாக்டர் வயிற்றுப்புண் என்று ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் பத்தாயிரம் வேண்டும் என்றாள்.

“அவன் குடிக்கிறத நிப்பாட்டச் சொல்லு, தன்னால சரியாயிரும். குடிக்க நான் காசு தர மாட்டேன்.”

“அண்ணே, அவரு குடிக்க மாட்டாருண்ணே.”

“எந்தப் பொண்டாட்டிதான் குடிப்பாருன்னு சொல்லியிருக்கா?”

அவள் வெறும் கையோடு பஸ் ஏறிப் போனாள்.

அடுத்த மாதம் வாய்க்கால் ஓரம் நடந்துபோனவன் வலிப்பு வந்து விழுந்து இறந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. பதினாறாம் நாள் காரியத்திற்கு என் மனைவி ஜெயக்கொடியோடு போனேன். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. செத்தவர் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் அன்றைக்குச் சபையில் சொல்லிவிட வேண்டும். நான் எழுந்து, “இருபத்திரண்டாயிரம் வரணும். அவசரமில்ல, மெதுவாக் குடுங்க” என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். “தங்கமான வேலக்காரன். குடி மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நம்மளோட உக்காந்திருப்பான்” என்றும் சொன்னேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து முனியாயி எழுந்தாள். “எம்புருசன் குடிச்சதில்ல, மொதலாளி” என்றாள். அதுவரை என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டவள். யாரோ அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது.

இந்த வருடம் ஆடி மாதம் ஜெயக்கொடிக்கு முழங்கால் ஆபரேஷன். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டில் போட்ட அறையில் ஒன்பது நாள் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த பெர்சி என்ற பெரியவர். அவர் மனைவி ஹெப்சிபா டீச்சர், மிஷன் பள்ளியில் முப்பது வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், வீடு தல்லாகுளம். எப்போதும் கையில் புத்தகம் இருக்கும். நானோ உட்கார்ந்த இடத்தில் சும்மா இருந்து பழகாதவன். மூன்றாம் நாளே செல்போனையும் ஜன்னலையும் பார்த்துச் சலித்துப்போனேன்.

“ஐயா, ஒரு துப்பறியும் கதை தரட்டுமா? வெளிநாட்டுக் கதை, தமிழ்ல போட்டது. ரொம்பப் பழசு” என்றார் டீச்சர்.

ஜெயக்கொடி படுத்தபடியே சிரித்தாள். “இவரு கல்யாணப் பத்திரிகையையே மூணு நாளா வாசிப்பாரு, டீச்சர். நீங்க டிஸ்சார்ஜ் ஆகிப் போற வரைக்கும் மொதப் பக்கத்துலதான் இருப்பாரு.”

அந்த வீம்பில்தான் வாங்கினேன். அட்டை போய், நூல் பிரிந்த புத்தகம். விரலை வரிக்கு வரி நகர்த்தி, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தேன்.

கதை இதுதான். பீங்கான் சாமான்களுக்கு மெருகு பூசும் ஒரு தொழிற்சாலை. அங்கே வேலை செய்த ஒருவன் வயிற்றுவலியில் துடித்துச் சாகிறான். சோற்றில் விஷம் வைத்துவிட்டாள் என்று அவன் மனைவியைப் பிடித்து அடைத்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சை முதலில் எடுத்தவன் தொழிற்சாலை முதலாளி. பெண்ணின் தம்பி ஒரு டாக்டரிடம் ஓடுகிறான். அந்த டாக்டர் வைத்தியத்தை விட்டுவிட்டு இப்படிப்பட்ட மர்மச் சாவுகளையே ஆராய்கிறவர். அவருக்கு உதவியாக இளவட்ட டாக்டர் ஒருவன். அவன் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களையும் மருந்துக் குப்பிகளையும் மூட்டை கட்டி எடுத்துவருகிறான். பெரிய டாக்டரோ எதையும் தொடாமல், “செத்தவன் மத்தியானச் சாப்பாட்டை எங்கே நின்று சாப்பிட்டான்?” என்று ஒரு கேள்வி கேட்கிறார். உதவியாளன் சிரிக்கிறான். நானும் சிரித்தேன்.

“யாரு கொலைகாரன்னு தெரிஞ்சிருச்சா?” என்று டீச்சர் தினமும் கேட்பார்.

“பொண்டாட்டிதான். ஆளப் பாத்தே சொல்லிருவேன் நானு.”

“முதலாளியா இருக்கலாமே?”

“சேச்சே. அவன் நம்மள மாதிரி கஷ்டப்பட்டு மேல வந்த ஆளு. தெனமும் வேலையாளுக்கு ஆளுக்கொரு குவளை பால் ஓசியில குடுக்கிறான். அவனப் போயி…”

“பந்தயமா? தோத்தவங்க காபி வாங்கணும்.”

“நாலு காபி வாங்குங்க டீச்சர், ரெடியா இருங்க.”

ஏழாம் நாள் மதியம் அந்தப் பக்கம் வந்தது. டாக்டர் பிண அறைக்குப் போய்ச் செத்தவனின் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறார். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பென்சிலால் இழுத்தது போலக் கருநீலத்தில் மெல்லிய கோடு. உதவியாளன் புகையிலைக் கறை என்கிறான். டாக்டர் பேசாமல் சிறைக்குப் போய் அந்த மனைவியிடம் கேட்கிறார். உன் புருஷனுக்கு முகம் வெளுத்ததா? வயிறு முறுக்கி வலித்ததா? சாதுவாக இருந்தவன் எரிந்து விழுந்தானா? மணிக்கட்டு தொங்கியதா?

அந்தப் பெண்ணின் பதிலைப் படிக்குமுன் ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் விரல் வரியிலேயே நின்றுவிட்டது. பிறகு பக்கத்தைத் திருப்பினேன்.

மெருகு மருந்தில் காரீயம், என் பட்டறையில் உருக்கும் அதே ஈயம், கலந்திருந்தது. அந்தத் தூசி படிந்த மேசையருகில் நின்றபடியே, தூசி படிந்த கையால் அவன் தினமும் ரொட்டி தின்றிருக்கிறான். முதலாளி கொதித்துப்போய், “நான் இவர்களுக்குப் பால் கொடுத்தேனே!” என்கிறான். அதற்கு டாக்டர் ஒன்றே ஒன்று கேட்கிறார்.

“கை கழுவத் தண்ணீர் கொடுத்தீர்களா?”

புத்தகத்தை மூடினேன். சாம்பல் பூத்த விரல்களால் நல்லகாமன் வெல்லக்கட்டியை வாங்கிய விதம் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. ஏழு வருடம், தினமும் பதினொரு மணிக்கு, கையைக் கழுவவிடாமல் அதை நீட்டியது நான்.

“என்னங்கய்யா, கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்றார் டீச்சர்.

“முதலாளிதான் டீச்சர்.”

“அப்ப காபி உங்க செலவு!” என்று கை தட்டினார். நான் எழுந்து கேன்டீனுக்குப் போனேன். நாலு காபி வாங்கினேன். மூன்றைத்தான் மேலே கொண்டுவந்து சேர்க்க முடிந்தது.

மறுநாள் அறைக்கு வந்த டாக்டரிடம், கதையில் வருவது நிஜமா என்று கேட்டேன். சின்னப் பையன்தான், நல்ல பொறுமை.

“நிஜம்தாங்க. ரத்தத்துல ஈயம் எவ்வளவு இருக்குன்னு ஒரு டெஸ்ட் எடுத்தாத் தெரிஞ்சிடும். வேலையை நிறுத்திட்டு, உடனே மருந்து குடுத்தாப் பல பேரைக் காப்பாத்திடலாம்.”

“அந்த டெஸ்ட்டுக்கு எம்புட்டு ஆகும்?”

“ரெண்டாயிரத்துக்குள்ள.”

டாக்டர் போன பிறகு ஜெயக்கொடியிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பத்தாயிரம் கேட்டா அந்தப் புள்ள” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பட்டறையில் இருந்த ஐந்து பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். மூன்று பேருக்கு அளவு கூடுதல். அவர்களுக்கு மருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு உலையை நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனியாயி வீட்டுக்குப் போனேன். வாடிப்பட்டியில் ஒரு பள்ளிக்கூட வண்டியில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயா வேலை பார்க்கிறாள். லீவு நாளாதலால் வீட்டில் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஈறு, மணிக்கட்டு, வெல்லம், தண்ணீர், ஒன்றையும் மறைக்கவில்லை. அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனேன்.

“தெரியும், மொதலாளி” என்றாள்.

“எப்பிடித் தாயி?” என்றேன்.

“எம்மக ரெண்டாம் வருசம் படிக்கையிலயே பாடத்துல வந்துச்சாம். புஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தா. அம்மா, இதாம்மா நம்ம அப்பாவுக்கு வந்ததுன்னு அழுதா. எரிச்ச சாம்பலக் கொண்டுபோயி யாருகிட்ட என்னத்தக் காமிக்க? குடிகாரன் பொண்டாட்டி பேசுறான்னுதான சொல்லுவாக.”

கொண்டுபோன பையைக் கட்டிலில் வைத்தேன். ஐந்து லட்சம் இருந்தது. “அந்தக் கடனையும் விட்டுட்டேன் தாயி” என்றேன்.

அவள் பையைத் திறக்கவே இல்லை. எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

“இது நீங்க தர வேண்டியது. எம்புட்டுன்னு நீங்களா முடிவு பண்ணாதீக. தல்லாகுளத்துல ஒரு வக்கீலம்மாவ எம்மக பாத்துவச்சிருக்கா, அவுக பேசுவாக. அந்த இருபத்திரண்டு நாங்க தர வேண்டியது. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கழிச்சுட்டு நீங்க நிம்மதியாப் போகவா?”

“வேற நான் என்ன செய்யட்டும்?”

“அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னாடி எந்திரிச்சுச் சொன்னீக. இப்ப எங்கிட்ட மட்டும் வந்து குசுகுசுன்னா எப்படி? வார ஞாயிறு எங்கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்து. அன்னைக்கு இருந்த சனமெல்லாம் வரும். அங்க வந்து சொல்லுங்க.”

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடிதம் கொடுத்துவிடலாமா, ஆள்விட்டுச் சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஊரில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அது ஒரு நாளில் போய்விடும் என்று தெரியும். ஜெயக்கொடிதான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். “அன்னைக்கு நீங்க பேசும்போது நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். போயிட்டு வாங்க” என்றாள்.

மண்டபத்தில் பந்தி முடிந்து, செய்முறை எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் எவ்வளவு மொய் செய்கிறார்கள் என்று மைக்கில் வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பெயரை எப்போதும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுவேன். அன்று மைக்கை நானே வாங்கினேன்.

“நான் கப்பலூர் ஜெயபாண்டி. நல்லகாமன் காரியத்தன்னைக்கு அவன் குடிச்சுச் செத்தான்னு சொன்னேன். அது பொய். நல்லகாமன் குடிச்சதில்ல.”

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்ப எப்பிடிச் செத்தான்?” என்றார்.

“என் பட்டறை ஈயத்துல. வயித்துக்குள்ள போயிருச்சு. கை கழுவ நான் தண்ணி குடுக்கல. அவன் பொஞ்சாதி ஆஸ்பத்திரிக்குக் காசு கேட்டு வந்தா, அதுவும் குடுக்கல.”

நல்லகாமனின் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு என்னை நோக்கி வந்தான். “எங்கண்ணனக் கொன்னுட்டு மொய் வைக்க வந்தியாடா?” முனியாயி குறுக்கே வந்து நின்று அவனைக் கையமர்த்தினாள். அவளுக்குப் பக்கத்தில் சரண்யாதேவி நின்றாள். தகப்பனின் முகம் அப்படியே. அவள் என்னைப் பார்க்கவில்லை. மண்டபத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எல்லோர் காதிலும் விழுந்ததா என்று.

“கையக் காட்டுங்க, மொதலாளி” என்றாள் முனியாயி.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பள்ளிக்கூட வண்டிச் சம்பளத்தில் சேர்த்தது பதினெட்டாயிரம், கடனில் மீதி நாலாயிரம் மகளிர் குழுவில் வாங்கியது என்று சபைக்கே கேட்கும்படி சொன்னாள். பிறகு வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் வைத்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாள் முப்பது. அதன்மேல் நூறு ரூபாய்த் தாள்கள், கசங்கியவை, நாலாக மடித்து விரித்தவை. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டேன். அவள் அவசரப்படவில்லை. அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று எண்ணி, எழுபதாவது நூறு ரூபாய்த் தாளையும் விரித்த கையில் வைத்தாள்.